பேசுபவர் ஒன்று

குரு: இது நானா?

கோதை: நீதான்.

குரு: பாதியா அறுத்து வச்சிருக்க.

கோதை: அறுக்கல. மூக்குக்கு நேர் நடுவுல ஒரு கோடு போட்டா உள்ள என்னா தெரியுமோ, அது. எம்.ஆர்.ஐ. மெஷின்ல காந்தம் எடுத்த படம்டா. கத்தி கெடையாது.

குரு: மூக்கு எங்கப்பா மூக்குதான், மறுக்க முடியாது… மேல இது என்னா, கொசகொசன்னு?

கோதை: மூளை.

குரு: இருக்குதா?

கோதை: எனக்கும் ஆச்சரியமாதான் இருந்துது.

குரு: ஏய், லேப்டாப்ப இந்தப் பக்கம் திருப்பு. ஸ்டேசன் பிளாட்பாரத்துல போறவன் வரவன்லாம் என் தொண்டையப் பாத்துட்டுப் போறான்.

கோதை: பாக்கட்டும். தொண்டைய வச்சி ஒன்ன யாரு அடையாளம் கண்டுபுடிக்கப் போறா?

குரு: இந்தக் கருப்பு என்னா? வாயிலேர்ந்து ஆரம்பிச்சி, வளைஞ்சி, கீழ போவுதே…

கோதை: காத்து போற வழி. காத்துக்குப் படம் வராது, அதான் கருப்பா தெரியுது. நாக்கும் ஒதடும் அசைய அசைய அந்தக் கருப்பு வேற வேற உருவமா மாறும். அதுக்குப் பேருதான் பேச்சு. அது எப்டி மாறுதுன்னு பாக்குறதுதான் என் ஆராய்ச்சி.

குரு: ஒண்ணுமில்லாத எடத்தப் பாக்குறதுக்கு டாக்டர் பட்டம்.

கோதை: ஆமா.

குரு: ஒங்க வூட்டுல சொல்லிட்டியா?

கோதை: அம்மாவுக்கு நான் ஊசி போடுற டாக்டரு. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

குரு: கீழ என்னமோ எழுதியிருக்குதே…

கோதை: ‘பேசுபவர் ஒன்று.’

குரு: என் பேரு குருமூர்த்தி.

கோதை: ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து தெரியும். பேரு போடக் கூடாது. மெஷினுக்குள்ள படுத்தது யாருன்னு வெளிய தெரியக் கூடாதுன்னு விதி.

குரு: நல்ல விதி. நாக்கு, உள்நாக்கு, தொண்டை எல்லாத்தயும் ஊருக்குக் காட்டலாம். பேரு மட்டும் ரகசியம்… சரி, ‘பேசுபவர் ரெண்டு’ யாரு?

கோதை: ரெண்டு கெடையாது.

குரு: அப்புறம் என்னாத்துக்கு ஒண்ணுன்னு நம்பரு?

கோதை: ஒண்ணுன்னு போட்டா ரெண்டும் இருக்கும்னு நெனச்சுக்குவாங்கன்னு எங்க கைடு சொன்னாரு.

குரு: மெட்ராஸ்ல அத்தினி ஜனத்துல வாய் உள்ளவன் ஒருத்தனும் கெடைக்கலியா?

கோதை: வாய் இருந்துது. உள்ள பல்லுதான் சரியில்ல. ஹாஸ்டல்ல ஒவ்வொருத்தரா கேட்டேன். பாதிப் பேருக்கு சொத்தப்பல்லு, சொத்தையில வெள்ளி அடைச்சிருக்கு. மீதிப் பேரு கம்பி கட்டியிருக்காங்க. வாய்க்குள்ள உலோகம் இருந்தா, படத்துல அந்த எடமே குழி விழுந்த மாதிரி காணாமப் போயிடும். மெஸ்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது யோசிச்சேன், உலோகமே படாத வாயி நமக்குத் தெரிஞ்சவங்கள்ல யாருக்கு இருக்குதுன்னு. டக்குனு ஒன் மூஞ்சி வந்துது.

குரு: ஒரு பொண்ணு என்ன நெனச்சு சோறு எறங்காம உக்காந்திருக்குது. காரணம், பல்லு.

கோதை: சோறு எறங்குச்சி.

குரு: அதயாவது மறைச்சிருக்கலாம்.

கோதை: அதுவுமில்லாம ஒன் நாக்கு வேலை செய்யுற நாக்கு. பேக்டரியில பிஸ்கட்டுமேல நாக்க வச்சிப் பாப்பன்னு எனக்குத் தெரியும்ல.

குரு: யாராவது கேட்டா தின்ற பிஸ்கட்டுன்னு நெனப்பாங்க.

கோதை: மொதச் சூளையில வெந்து வெள்ளையா வருமே, பளபளன்னு கிளேஸ் பூசாத பீங்கான் சாமான், அதுன்னு எனக்குப் புரியுது. போதும்.

குரு: நாக்கு ஒட்டிக்கிட்டா சரியா வெந்திருக்குது. ஒட்டலன்னா அதிகமா வெந்துடுச்சி, அதுல கிளேஸ் புடிக்காது. அவ்ளோதான் சூத்திரம்… அதுக்காவ நீ என்ன எத்தினி தடவ வாய் கொப்பளிக்க வச்ச, ஞாபகம் இருக்குதா?

கோதை: பழுப்புக் கிளேஸ்ல இரும்பு இருக்குதுன்னு நீதானே சொன்ன. நாக்குல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சின்னா?

குரு: ஆஸ்பத்திரி வாஷ்பேசின்ல நின்னு கொப்பளிக்கிறேன். பின்னாடி நிக்கிற நர்ஸம்மா, ‘தம்பி என்னா சாப்ட்டுடுச்சி, பூச்சி மருந்தா’ன்னு கேக்குது.

கோதை: இல்ல, களிமண்ணுன்னு சொன்னேன்.

குரு: அந்தம்மா பாத்த பார்வ இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

கோதை: மகேஸ்வரிய எங்கடா காணோம்? டீ வாங்கப் போயி இம்மாம் நேரமாச்சி.

குரு: எம் பொண்டாட்டி டீ வாங்குனா டீ மட்டும் வாங்க மாட்டா. டீக்கடக்காரரு பொண்ணுக்கு எந்த எடத்துல மாப்ள பாக்குறாங்க, வண்டி ஏன் லேட்டு, எல்லாம் தெரிஞ்சிக்கிட்டுதான் வருவா. வண்டி இன்னும் அரியலூரே தாண்டலியாம். உக்காரு.

கோதை: உக்காந்துதானே இருக்கேன்.

குரு: ஆனா அந்த மெஷினு… உள்ள படுத்ததும் எனக்கு பயமே வரல கோதை. எல்லாரும் பயப்படுவாங்கன்னு அந்த டெக்னீசியன் சொன்னாரு. எனக்கு ஒண்ணுமில்ல. ஏன் தெரியுமா?

கோதை: தூங்கிட்டன்னு நெனச்சேன்.

குரு: அந்தச் சத்தம்! கடகடகடன்னு… அச்சு அசலா எங்க பால் மில்லு சத்தம். கண்ண மூடிட்டா பேக்டரியிலதான் இருக்கேன்.

கோதை: பால் மில்லுன்னா அந்தப் பெரிய உருளைதானே? கிளேஸ் அரைக்கிறது?

குரு: உள்ள கல்லு கல்லா போட்டு சுத்த விடுவாங்களே, அதேதான். பக்கத்துல நின்னா, நீ பேசுறது ஒனக்கே கேக்காது. அதனால எங்க ஆளுங்க எல்லாம் அதுகிட்டதான் பேசுவாங்க.

கோதை: மில்லுகிட்டயா?

குரு: மொதலாளி சட்டயப் புடிச்சிக் கேக்க வேண்டியதயெல்லாம் அங்க நின்னு கேப்பாங்க. மொதலாளி எதுத்தாப்புலயே நிப்பாரு, சிரிப்பாரு. என்னமோ பாட்டு பாடுறாங்கன்னு நெனச்சுக்குவாரு. கொளஞ்சியக்கா இருக்குதுல்ல, பொம்மைக்குக் கண்ணு எழுதுமே… அது பொண்ணு சொல்லாம கொள்ளாம ஒரு பையனோட போயிடுச்சி. அக்கா வூட்டுல ஒரு வார்த்த பேசல. காலையில வரும், மில்லு பக்கத்துல நிக்கும், வாய் மட்டும் அசையும். தீந்ததும் மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்து கண்ணு எழுதும். அந்த வாரம் வந்த பொம்மை எல்லாம் கொஞ்சம் கோவமா இருந்துது. மத்தபடி ஒண்ணும் தெரியல.

கோதை: இத நீ எங்கிட்ட சொன்னதேயில்ல.

குரு: நீ கேட்டதில்ல.

கோதை: …ம்.

குரு: என்னா ‘ம்’?

கோதை: ஒண்ணுமில்ல. அதான் அன்னிக்கு நீ…

குரு: அன்னிக்கு நான்?

கோதை: ஒண்ணுமில்லடா.

குரு: நீ வேகத்துக்குப் பட்டம் வாங்குனன்னு ஒங்கம்மா சொன்னுச்சி. ரயிலு சம்பந்தமான்னு நான்கூட கேட்டேன். என்னா வேகம் அது?

கோதை: படம் எடுக்குற வேகம். நாம அன்னிக்கு எடுத்தப்ப செகண்டுக்கு எட்டு படம்தான் வந்துது. நிறுத்தி நிறுத்திப் பேசுனா போதும். வேகமா பேசுனா, ஒரு படம் முடியறதுக்குள்ள நாக்கு மேல போயி கீழயே வந்துடும். படத்துல நாக்கு இருக்காது, பொகை மாதிரி ஒண்ணு இருக்கும்.

குரு: சரி. மெதுவா பேசச் சொல்ல வேண்டியதுதானே?

கோதை: இதயேதான் கமிட்டியில இருந்த புரொபசரும் கேட்டாரு. ‘பேசுனவரு வேகமா பேசிட்டாரு சார், திருப்பிப் பேசச் சொல்ல முடியாது’ன்னேன். ‘இறந்துட்டாராம்மா’ன்னு பரிதாபமா கேட்டாரு.

குரு: நீ என்னா சொன்ன?

கோதை: ‘விருத்தாசலத்துல இருக்காரு சார்’னேன்.

குரு: ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிருப்பாரு.

கோதை: தலைய ஆட்டுனாரு. கடைசில, ‘தமிழில் விரைவுப் பேச்சின் இயல்பை அறிதல்’னு எழுதிக் குடுத்தேன். நாட்டுக்குத் தேவையான விஷயம்னு மூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

குரு: நெசமாவே தேவையா?

கோதை: நெசமாதான். தூக்கத்துல மூச்சு அடைச்சிக்கிறவங்களுக்கு எந்த எடத்துல அடைக்குதுன்னு பாக்கலாம். நாக்குல ஆபரேசன் பண்ணவங்க திரும்பப் பேசப் பழகும்போது பாக்கலாம். நல்ல காரியந்தான்… தற்செயலா.

குரு: தற்செயலாவா?

கோதை: டீ வருது பாரு.

மகேஸ்வரி: அக்கா, மன்னிச்சிடுங்க, ஆறிடுச்சா பாருங்க. அந்த டீக்கட அண்ணன் பொண்ணுக்கு மங்கலம்பேட்டையிலேர்ந்து ஒரு வரன் வந்திருக்குதாம், மாப்ள வெளிநாட்டுல இருக்காராம், போட்டோவுல மட்டும் கண்ணாடி போட்டிருக்காராம். ஏங்க, இந்தாங்க. அக்கா, பையில புளிசாதம் வச்சிருக்கேன், மேல அப்பளம், அமுக்கிடாதீங்க… அய்யோ, இது என்னா படம்?

குரு: நான்தான்.

மகேஸ்வரி: நீங்களா! தோலு எங்க?

கோதை: மகேஸ்வரி, இது குருவோட வாயிக்குள்ள. ஆராய்ச்சிக்கு எடுத்தது. நாலு வருஷமாச்சு.

மகேஸ்வரி: அக்கா, இவரு வாய்க்குள்ள என்னா இருக்குதுன்னு கட்டுன எனக்கே தெரியல. நீங்க படம் புடிச்சே வச்சிருக்கீங்க. பேசுமா இது?

கோதை: அசையும். சத்தம் வராது. மைக்கு வச்சிருந்தோம், அதுல மெஷின் சத்தம் மட்டும்தான் இருக்குது.

மகேஸ்வரி: வூட்டுலயும் அப்படித்தாங்கக்கா. அசையும், சத்தம் வராது. ஒரு புடவ எடுத்துக் குடுத்தாருன்னா, அது எனக்கா, இல்ல பக்கத்து வூட்டுக்கான்னு நான்தான் கண்டுபுடிக்கணும். பொண்ணு பாக்க ஸ்ரீமுஷ்ணம் வந்தப்ப என்னா பண்ணாரு தெரியுங்களா?

குரு: ஏய், அத எதுக்கு இப்ப…

மகேஸ்வரி: இருங்க. எல்லாரும் கேசரி தின்னுட்டு கம்முனு உக்காந்திருக்காங்க. இவரு தரையப் பாத்துக்கிட்டு என்னமோ முணுமுணுக்கிறாரு. ஜாதகம் பாக்குறவரு, ‘மாப்ள மந்திரம் சொல்றாரு’ன்னு சொல்லிட்டாரு. எனக்குத் தாங்கல. ‘என்னங்க சொல்றீங்க, கேக்குற மாதிரி சொல்லுங்க’ன்னேன். எங்கம்மா என் தொடையில கிள்ளுனது இன்னும் தழும்பு இருக்குது.

கோதை: அதுக்கு என்னா சொன்னாரு?

மகேஸ்வரி: டக்குனு நிமுந்து, ‘எனக்குப் புடிச்சிருக்குது, ஒங்களுக்கு?’ன்னாரு. அவ்ளோ நேரமா அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு! இவரப் புரிஞ்சிக்கிறதுல ஒண்ணும் கஷ்டமில்லக்கா. கேட்டா சொல்லிடுவாரு. யாராவது கேக்கணும், அவ்ளோதான்.

கோதை: …அவ்ளோதானா.

மகேஸ்வரி: அவ்ளோதான். டீ ஏன் குடிக்கல நீங்க? சக்கரை போதலியா?

கோதை: இல்லம்மா, சரியாதான் இருக்குது.

மகேஸ்வரி: படத்துல என்னாதான் பேசுறாரு?

கோதை: நான் எழுதிக் குடுத்த வாக்கியம். ‘பாப்பா பாலைப் பார்த்தாள்.’ ‘கூடையில் கொய்யா கூடுதலாக உள்ளது.’ இந்த மாதிரி.

மகேஸ்வரி: எதுக்குக்கா?

கோதை: எந்த எழுத்துக்கு நாக்கு எங்க போவுதுன்னு பாக்குறதுக்கு.

குரு: படுக்க வச்சி, மூஞ்சியக் கட்டி, பாப்பா பாலைப் பார்த்தாளான்னு கேக்குறாங்க. நானும் பார்த்தாள், பார்த்தாள்னு ஒத்துக்கிட்டே இருந்தேன்.

கோதை: கடைசி ஒரு நிமிஷம் மட்டும் சும்மா விட்டோம். இஷ்டத்துக்கு எதையாவது பேசுன்னு.

மகேஸ்வரி: ஓ. அதுல என்னாங்க பேசுனீங்க?

குரு: …நானா? என்னமோ. பஸ் ஸ்டாப்பு சொன்னேன். இங்கேர்ந்து ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் வரிசையா.

மகேஸ்வரி: பாருங்கக்கா, அப்பவே எங்க ஊருக்கு பஸ் புடிச்சிருக்காரு!

கோதை: ஆமா. அப்பவே.

மகேஸ்வரி: அக்கா, ஒங்களுக்குத் தண்ணி வாங்கவே மறந்துட்டேன் பாருங்க. அந்தக் கோடியில ஒரு கட இருக்குது. நான் போயிட்டு… மெதுவா வரேன். நீங்க பேசிக்கிட்டு இருங்க. அடுத்து எப்ப பாக்கப் போறீங்களோ, வெளிநாட்டுக்குப் போறீங்க.

குரு: நான் போறேன் இரு.

மகேஸ்வரி: நீங்க போனா தண்ணி வேணும்னு கடக்காரருகிட்ட சொல்ல மாட்டீங்க. உக்காருங்க.

கோதை: நல்ல பொண்ணு.

குரு: ம். நல்ல பொண்ணு.

கோதை: ஒனக்கு அதிகம்.

குரு: அது எனக்கும் தெரியும். அவ வந்ததும் நீ ‘டா’வ எங்க வச்ச?

கோதை: பையில. அப்பளத்துக்குக் கீழ.

குரு: கல்யாணத்துக்கும் வரல.

கோதை: தை மாசம் எனக்கு மெஷின்ல வேலை இருந்துது. சொன்னேன்ல.

குரு: சொன்ன. கல்யாணத்துக்கு வர முடியாததுக்கு காந்தத்தக் காரணமா சொன்ன ஒரே ஆளு நீதான்.

கோதை: பஸ் ஸ்டாப்புன்னு அவகிட்ட சொல்ற. தீவாளிக்கு வந்தப்ப எங்கிட்ட, மொதலாளியத் திட்டுனேன்னு சொன்ன. அதுக்கு முன்னாடி ஒரு தடவ, சூளைக்கு எம்மாம் நேரம் தீ போடணும்னு மனப்பாடமா ஒப்பிச்சேன்னு சொன்ன.

குரு: ஒரு நிமிஷத்துல மூணயும் சொல்ல முடியாதா? வேகமாதானே பேசுனேன்?

கோதை: எதுக்கு அம்மாம் வேகமா பேசுன?

குரு: சத்தத்துல கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும்… படம் புடிக்கிறாளே, வாயப் பாத்துக் கண்டுபுடிச்சிடுவாளோன்னு… கண்டுபுடிச்சாலும் பரவால்லன்னும் இருந்துது. ரெண்டும் ஒண்ணா வந்தா வாய் தானா வேகமா ஓடும்.

கோதை: தலையும் ஆடும்.

குரு: தலை ஆடாம பேச எனக்கு வராது.

கோதை: அந்த ஒரு நிமிஷம் என் ஆராய்ச்சியில நாலாவது அத்தியாயத்துல இருக்குது. ‘தலை அசைவால் படம் கெடுவதற்கு எடுத்துக்காட்டு.’

குரு: எடுத்துக்காட்டு! என் ஒரு நிமிஷமா?

கோதை: வெளிநாட்டுக்காரங்ககூட பாத்தாங்க. அருமையா கெட்டிருக்குதுன்னு சொன்னாங்க.

குரு: நான் உளுந்தூர்பேட்டைக்கு அந்தாண்ட போனதே ஒன் மெஷின்ல படுக்குறதுக்குத்தான். என் நாக்கு மட்டும் எங்கெங்கயோ போயிட்டு வந்திருக்குது…

கோதை: ம்.

குரு: கோதை, எவ்ளோ வாக்கியம் படிச்சேன் ஒனக்கு. எல்லாம் நல்லா வந்துதுன்னு சொல்ற. அத வச்சே பட்டம் வாங்கியிருக்கலாமே. எதுக்கு அந்தக் கெட்டுப்போன ஒரு நிமிஷத்தயே புடிச்சிக்கிட்ட?

கோதை: மத்ததெல்லாம் நான் எழுதிக் குடுத்தது. அது ஒண்ணுதான் நீயா பேசுனது. டீ ஆறுது, குடி.

குரு: அந்தக் கமிட்டி, வேகம், தமிழ்ப் பேச்சு, எல்லாம்… அந்த ஒரு நிமிஷத்துக்கா?

கோதை: தூக்கத்துல மூச்சு அடைச்சிக்கிறவங்களுக்கும்தான்.

குரு: கோதை.

கோதை: மெஷின் வாங்கி வச்ச சிக்னலு எல்லாம் அப்படியே டிஸ்க்குல இருந்துது. அதுலேர்ந்து படம் கட்டுற கணக்கு மட்டும்தான் பழசு. ஒரு படத்துக்கு வேண்டியது முழுசா சேருறவரைக்கும் காத்திருக்கும் அது. நான் காத்திருக்கக் கூடாதுன்னு எழுதுனேன். கொஞ்சம் வந்ததும், முன்னாடி வந்ததோட அதக் கோத்து ஒரு படம். இன்னும் கொஞ்சம் வந்ததும் இன்னொரு படம். அப்புறம் தலை ஆடுனதக் கண்டுபுடிச்சி அதத் திருப்பி நேராக்குறதுக்கு ஒண்ணு. மூணு வருஷம் ஆச்சு. தினம் காலையில போனதும் மொத வேலை, ஒன் வாயத் தெறந்து பாக்குறது.

குரு: பல்டாக்டரு கணக்கா.

கோதை: பல்டாக்டருக்குக் காசு வரும்.

குரு: ஒரு போன் போட்டிருக்கலாமே. மூணு வருஷம் ரோட்டுக்கு ரோடு ஒரு ரூவா போன் இருந்துது.

கோதை: போட்டு? ‘அன்னிக்கு என்னா பேசுன’ன்னா? நீ பஸ் ஸ்டாப்புன்னு சொல்லுவ.

குரு: அன்னிக்குக் கேட்டிருந்தா பஸ் ஸ்டாப்புன்னு சொல்லியிருக்க மாட்டேன்.

கோதை: நீயா சொல்லியிருக்கலாமே. காந்தத்துக்குள்ள போயிதான் சொல்லணுமா? அங்க கேண்டீன் இருந்துது, மரம் இருந்துது, வாசல்ல பெஞ்சு இருந்துது.

குரு: பேக்டரி புத்தி. சத்தம் கேட்டாதான் வாய் தெறக்குது. வெளிய வந்ததும் நீ மொதல்ல என்னா சொன்ன, ஞாபகம் இருக்குதா?

கோதை: …‘தலைய ஆட்டிட்ட, படம் போச்சு.’

குரு: ம். அப்புறம்?

கோதை: ‘டீ குடிக்கிறியா’ன்னு கேட்டேன்.

குரு: அதத்தான் கேட்ட. நானும் சரின்னேன். குடிச்சிட்டு பஸ் ஏறிட்டேன். வழியெல்லாம் நெனச்சிக்கிட்டே வந்தேன், நல்ல டீதான்னு.

கோதை: எனக்கு அப்ப ஸ்கிரீன்தான்டா கண்ணுக்குத் தெரிஞ்சுது. அதுல நீ ஒருத்தன் அசைஞ்சிக்கிட்டு இருந்த. பக்கத்துல இன்னொருத்தன், அதுவும் நீதான், ஷர்ட்டு பட்டன் போட்டுக்கிட்டு நின்னத நான் பாக்கல.

குரு: விடு. அதான் கெட்டுப்போச்சில்ல. இல்ல… இப்ப இம்மாம் பண்ணியே, அது தெளிஞ்சிதா?

கோதை: வண்டி வருது.

குரு: அது கூட்ஸு. தெளிஞ்சிதா?

கோதை: தெளியல.

குரு: தெளியலியா?

கோதை: நாக்கு நல்லா தெரியுது. ஒதடு தெரியுது. வார்த்த தெரியல. எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்குதுல்ல.

குரு: நல்லதாப் போச்சு.

கோதை: ம். நல்லதுதான்.

குரு: இல்ல, நெசமாவே நல்லதுதான். இப்ப தெரிஞ்சி மட்டும்… மகேஸ்வரி இருக்கா. நீ கப்பல் ஏறுற…

கோதை: ப்ளேனு.

குரு: ப்ளேனு ஏறுற. யாருக்கு என்னா ஆவப் போவுது. பஸ் ஸ்டாப்புதான். பஸ் ஸ்டாப்புன்னே வச்சிக்க.

கோதை: வச்சிக்கிறேன்.

மகேஸ்வரி: ஏங்க! காது கேக்கலியா ரெண்டு பேருக்கும்? வண்டி அவுட்டர் தாண்டிடுச்சின்னு சொல்றாங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. அக்கா, எஸ் ஆறு எங்க நிக்கும்னு கேட்டுட்டேன், அந்த வேப்பமரத்துக்கு நேரா. லேப்டாப்ப மூடுங்க. ஏங்க, பெட்டியத் தூக்குங்க. இல்ல, இப்படிக் குடுங்க, நீங்க தூக்குனா சக்கரத்த ஒடச்சிடுவீங்க.

கோதை: மகேஸ்வரி, பெட்டி கனம்மா, நான் எடுத்துக்கிறேன்.

மகேஸ்வரி: இருக்கட்டுங்கக்கா. அங்க போயி யாரு ஒங்களுக்குத் தூக்கப் போறா? தோ வந்துடுச்சி… தள்ளுங்க, தள்ளுங்க, எறங்குறவங்கள விடுங்க! நான் உள்ள போயி சீட்டுக்கு அடியில வச்சிட்டு வரேன். அக்கா, நீங்க மெதுவா ஏறுங்க, இங்க ரெண்டு நிமிஷம் நிக்கும்.

குரு: ஏறு. புளிசாதம் ஜாக்கிரத.

கோதை: ஏறிட்டேன். நீ பின்னாடி நில்லு, இடிச்சிக்காத.

குரு: போனதும் போன் பண்ணு.

கோதை: பண்றேன்.

குரு: பண்ணி… சும்மா கேளு. எப்டி இருக்கன்னு.

கோதை: கேக்குறேன்.

மகேஸ்வரி: அக்கா! ஒங்க சீட்டுல ஒரு அண்ணன் நீட்டிப் படுத்திருந்தாரு. எழுப்பிட்டேன். கொஞ்சம் கோவமா இருக்காரு, நீங்க கண்டுக்காதீங்க. நான் அந்தப் பக்கக் கதவுல எறங்கி சுத்தி வரேன்!

குரு: பாத்து எறங்கு!… இவளுக்கு பயமே கெடையாது.

கோதை: கேக்குறதுக்கும் பயம் இல்ல.

குரு: என்னா?

கோதை: ஒண்ணுமில்ல. கொடிய அசைக்கிறாரு கார்டு.

குரு: கோதை… ஒன் ஊசி போடுற கைமேல சத்தியமா சொல்லு. தெளியவேயில்லையா? ஒரு எழுத்துகூடவா?

கோதை: தையில ஒனக்குக் கல்யாணம். மாசியில தெளிஞ்சுதுடா. ஒவ்வொரு எழுத்தும். ‘கோதை, நான் வெளிய வந்ததும், உள்ள என்னடா பேசுனன்னு ஒரே ஒரு தடவ கேளு, கேட்டா சொல்லிடறேன்’னு ஒரு நிமிஷமும் இதயே திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்த. அவ்ளோதான்டா இருந்துது.